தமிழ் ஆவணங்களிலிருந்து தகவல் எடுக்கும் சேவைகள்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

அரசாணை, செய்திக் குறிப்பு, டெண்டர் அறிவிப்பு போன்ற தமிழ் ஆவணங்களிலிருந்து ஊர்ப் பெயர், தேதி, தொகை, ஆணை எண் ஆகியவற்றைத் தானாக எடுக்கும் மென்பொருளைப் பெரும்பாலும் தனித்தனிச் சேவைகளாகப் பிரித்துத்தான் கட்டுகிறார்கள். இங்கே எடுத்துக்கொண்டிருக்கும் அமைப்பில் ஆறு சேவைகள். பிடிஎஃப்-இலிருந்து உரை எடுப்பது முதல் சேவை. ஸ்கேன் பக்கமானால் அதுவே ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுப்பது) செய்யும். அடுத்து உரையைச் சீராக்கும் சேவை, வாக்கியமும் சொல்லும் பிரிக்கும் சேவை, பெயர்களை அடையாளம் காணும் மாடல் சேவை, தேதி தொகைகளை நிலையான வடிவுக்கு மாற்றும் சேவை, கடைசியாகச் சேமிப்பு. சேவைகளுக்கு நடுவே மெசேஜ்களை வரிசையில் வைத்துக் கைமாற்றும் ராபிட்எம்கியூ அல்லது காஃப்கா இருக்கும். சில இடங்களில் நேரடி எச்டிடிபி அழைப்பு.

முடிவு தவறாக வந்தால் எல்லோரும் முதலில் மாடலைச் சந்தேகிக்கிறார்கள், மறுபடி பயிற்சி கொடுக்கக் கிளம்பிவிடுகிறார்கள். அதற்கு முன், ஒரு சேவை அனுப்பிய உரையும் அடுத்த சேவை கையில் வாங்கிய உரையும் ஒன்றுதானா என்று பாருங்கள். தமிழ் உரை பழுதாவது பெரும்பாலும் அந்தக் கைமாற்றத்தில்தான்.

தொடங்கும் முன்: எந்தச் சேவைக்குப் பிறகு கெட்டது?

ஒவ்வோர் ஆவணத்துக்கும் நுழைவாயிலிலேயே ஒரு டிரேஸ் எண் கொடுங்கள். அந்த எண்ணுடன் ஒவ்வொரு சேவையும் லாகில் எழுத வேண்டியவை: வாங்கிய உரையின் ஷா-256 ஹேஷ் (உரை மாறியதா என்று காட்டும் கைரேகை போன்ற எண்), உரையின் நீளம் (கோட் பாயிண்ட் கணக்கில்; ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் யூனிகோட் தரும் எண்தான் கோட் பாயிண்ட்), தன் பதிப்பு எண், மாடலின் பதிப்பு எண், எடுத்துக்கொண்ட நேரம். உரையையே லாகில் எழுதாதீர்கள். ஆவணங்களில் ஆட்களின் பெயரும் முகவரியும் இருக்கும். லாகை யார் யாரோ படிப்பார்கள்.

பிழை வந்த ஆவணத்தை எடுத்து, மூன்றாவது சேவையின் வெளியீட்டை முதலில் பாருங்கள். அது சரியென்றால் பிழை பின்பாதியில், தவறென்றால் முன்பாதியில். இப்படி இரண்டு மூன்று தடவை வெட்டினால் இடம் தெரிந்துவிடும். பார்க்கும்போது திரையில் தெரியும் உருவத்தை நம்ப வேண்டாம். தவறான வரிசையில் உள்ள எழுத்துகளைக்கூடச் சில எழுத்துருக்கள் சரியாக வரைந்து காட்டிவிடும். கோப்பைப் பைட்டுகளாகவோ கோட் பாயிண்டுகளாகவோ அச்சிட்டுப் பாருங்கள். யூனிகோட் உரையைப் பைட்டாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் வழக்கமான ஒவ்வொரு கோட் பாயிண்டும் 3 பைட்: முதல் பைட் 224, இரண்டாவது 174 அல்லது 175. இந்த மூன்று எண்களும் மனத்தில் இருந்தால் கீழே வரும் பாதிப் பிழைகளைக் கண்ணாலேயே பிடிக்கலாம்.

அறிகுறி: தமிழ் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ வருகிறது

"வேறு ஏதோ" என்பதில் ஐந்து வகை உண்டு. ஐந்துக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

*மேலே சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில 'ஏ', அடுத்து ® அல்லது ¯, இப்படியே வரி முழுதும்.* 224, 174, 175 என்ற அதே பைட்டுகளை ஒரு சேவை லத்தீன்-1 (ஒரு பைட்டுக்கு ஓர் ஐரோப்பிய எழுத்து என்ற பழைய குறியீடு) என்று எண்ணிப் படித்திருக்கிறது. வழக்கமான காரணம், எச்டிடிபி பதிலின் தலைப்பில் எழுத்துக் குறியீடு சொல்லாமல் வெறும் உரை என்று மட்டும் அனுப்பியது. 1999-இன் எச்டிடிபி விதிப்படி அப்படி வருவதை லத்தீன்-1 என்றே கொள்ள வேண்டும். 2014-இல் வந்த திருத்தம் அதை நீக்கிவிட்டாலும் பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம் இன்னும் பழைய வழக்கத்தையே பின்பற்றுகிறது. அனுப்பும் சேவையின் தலைப்பில் யூடிஎஃப்-8 என்று சேருங்கள். அல்லது ஜேசனாகவே அனுப்புங்கள்.

ஏற்கெனவே கெட்டுச் சேமித்த பதிவுகளை மீட்கலாம்: லத்தீன்-1 ஆகப் பைட்டாக்கி, யூடிஎஃப்-8 ஆகப் படித்தால் தமிழ் திரும்பும். லத்தீன்-1 ஆகப் பைட்டாக்கும்போது பிழை வந்து, விண்டோஸ்-1252 ஆகப் பைட்டாக்கி மீட்டபின் புள்ளியும் 'ு' குறியும் 'ஏ', 'ஐ' எழுத்துகளும் மட்டும் காணாமல் போயிருந்தால், உரை லத்தீன்-1 வழியாக அல்ல, விண்டோஸ்-1252 வழியாகப் போயிருக்கிறது. இந்த நான்கின் மூன்றாவது பைட்டுகள் (141, 129, 143, 144) விண்டோஸ்-1252-இல் எந்த எழுத்துக்கும் ஒதுக்கப்படாதவை. பைத்தான் போன்றவை அங்கே பிழை எறியும்; யாராவது "பிழையைப் புறக்கணி" என்று போட்டிருந்தால் எழுத்து சத்தமில்லாமல் போய்விடும். அப்படிப்பட்ட பதிவை மூல ஆவணத்திலிருந்து மறுபடி எடுப்பதுதான் ஒரே வழி.

*கேள்விக்குறிகள் மட்டும்.* தமிழ் இல்லாத குறியீட்டுக்கு மாற்றி எழுதிவிட்டார்கள், மீட்க முடியாது. ஜாவா சேவையானால் பதிப்பைப் பாருங்கள். ஜாவா 18 முதல்தான் யூடிஎஃப்-8 இயல்பு அமைப்பு. அதற்கு முந்தைய பதிப்புகள் இயங்குதளத்தின் அமைப்பையே எடுக்கும். லோக்கேல் (மொழி அமைப்பு) அமைக்காத கன்டெய்னரில் (சேவையை அடைத்து ஓட்டும் தனிச் சூழலில்) அது ஆங்கில எழுத்து மட்டும் கொண்ட ஆஸ்கி ஆகிவிடும். மடிக்கணினியில் சரியாக ஓடிக் கன்டெய்னரில் கேள்விக்குறி வருவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். அடுத்ததாகத் தரவுத்தளத்தில் அந்த நெடுவரிசை லத்தீன்-1 ஆக இருக்கிறதா என்று பாருங்கள்.

*வைரத்துக்குள் கேள்விக்குறி (�), ஆங்காங்கே மட்டும்.* ஒரு எழுத்தின் மூன்று பைட்டுகள் நடுவில் வெட்டுப்பட்டிருக்கின்றன. உரையை 4096 அல்லது 8192 பைட் துண்டுகளாகப் படித்து, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே எழுத்தாக்கினால் இப்படி ஆகும். இரண்டு எண்ணுமே மூன்றால் வகுபடாதவை. துண்டின் கடைசியில் மிஞ்சும் பைட்டை அடுத்த துண்டுக்குக் கொண்டுபோகும் டீகோடரைப் பயன்படுத்துங்கள். கெட்ட இடம் எப்போதும் உரையின் கடைசியில்தான் என்றால் காரணம் வேறு: சேமிக்கும் இடத்தின் வரம்பு. மைஎஸ்க்யூஎல்-இன் டெக்ஸ்ட் நெடுவரிசை 65,535 பைட் கொள்ளும். தமிழில் அது 21,845 கோட் பாயிண்ட். கண்டிப்புப் பயன்முறை அணைந்திருந்தால் மிச்சத்தை வெட்டிவிட்டு வெறும் எச்சரிக்கையோடு நின்றுவிடும்.

*பொருளற்ற ஆங்கில எழுத்துகள்.* ஒரே சொல் ஆவணம் முழுக்க ஒரே மாதிரி வருகிறதா என்று பாருங்கள். ஒரே மாதிரி வந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருக் குறியீடு. பாமினியில் 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வரும். இலங்கையின் பழைய தமிழ்க் கோப்புகளில் இது மிகுதி. தமிழ்நாட்டு அலுவலகக் கோப்புகளில் வானவில் எழுத்துருவைப் பார்க்கலாம். மாற்றி அட்டவணை கொண்டு யூனிகோடாக்குங்கள். ஆனால் ஆவணத்தில் உண்மையான ஆங்கிலப் பகுதியும் இருந்தால் மொத்தமாக மாற்றக் கூடாது; எழுத்துருவின் பெயரைப் பிடிஎஃப்-இலிருந்து துண்டு வாரியாக எடுத்து, அந்தத் துண்டை மட்டும் மாற்ற வேண்டும். ஒரே சொல் இடத்துக்கு இடம் வேறு மாதிரி வந்தால் அது ஓசிஆர் பிழை: டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருளுக்கு மொழி சொல்லாவிட்டால் ஆங்கிலம் என்றே எடுத்துக்கொள்ளும். தமிழ்ப் பயிற்சிக் கோப்பு கன்டெய்னருக்குள் இருக்கிறதா, அழைப்பில் தமிழும் ஆங்கிலமும் சேர்த்துக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

*தமிழ்தான், ஆனால் கொம்பு முன்னால் நிற்கிறது.* சில பிடிஎஃப்-கள் எழுத்துகளைப் பார்வை வரிசையில் வைத்திருக்கும். 'கெ' என்பதில் முதலில் கொம்பு, பிறகு 'க' என்று வெளியே வரும். ஒழுங்கான யூனிகோட் உரையில் எந்தச் சொல்லும் உயிர்க்குறியில் தொடங்காது. ஆகவே அப்படித் தொடங்கும் சொற்களை எண்ணும் சோதனையை உரை எடுக்கும் சேவையின் வாசலிலேயே வையுங்கள். நூற்றில் ஒன்றைத் தாண்டினாலே ஆவணத்தை நிறுத்துங்கள். ெ, ே, ை மூன்றையும் அடுத்த மெய்க்குப் பின் நகர்த்தும் விதி எழுதலாம். ஆனால் ஒரே கோப்பில் சில பக்கம் சரியாகவும் சில பக்கம் தவறாகவும் இருந்தால் விதி நல்லதையும் கெடுத்துவிடும். அந்தக் கோப்புகளை 300 டிபிஐ-யில் படமாக்கி ஓசிஆருக்கு அனுப்புவதே எங்கள் பரிந்துரை.

அறிகுறி: பெயர் சரியாக வருகிறது, அது நிற்கும் இடம் தவறாக இருக்கிறது

திரையில் 'மதுரை'க்குப் பதிலாக ', மது' வண்ணம் பூசிக்கொண்டு நிற்கும். அல்லது அதை வாங்கும் அடுத்த சேவை பக்கத்துச் சொல்லை ஊர் என்று எடுக்கும். பெயர் நிற்கும் இடத்தை எண்ணாகச் சொல்லும்போது, எதை எண்ணினோம் என்று சேவைகள் ஒத்துப்போகவில்லை. 'சென்னை, மதுரை' என்ற உரையை எடுத்துக்கொள்ளுங்கள்.

பைட் கணக்கில் (கோ, ரஸ்ட்) 'மதுரை' 20-இல் தொடங்கும், நீளம் 15.
கோட் பாயிண்ட் கணக்கில் (பைத்தான்) 8-இல் தொடங்கும், நீளம் 5.
யூடிஎஃப்-16 கணக்கில் (ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட்) அதே 8, 5.
கண்ணுக்குத் தெரியும் எழுத்துக் கணக்கில் (ஸ்விஃப்ட்) 5-இல் தொடங்கும், நீளம் 3.

பைத்தானும் ஜாவாவும் ஒத்துப்போவதால் சோதனையில் எல்லாம் சரியாகத் தெரியும். முன்னால் ஒரு 📢 வந்ததும் பிரிந்துவிடும்: '📢 சென்னை, மதுரை' என்றால் பைத்தானுக்கு 10, ஜாவாவுக்கு 11. யூனிகோடின் அடிப்படைத் தளத்துக்கு (முதல் 65,536 எண்களுக்கு) வெளியே உள்ள ஒவ்வோர் எழுத்தும் யூடிஎஃப்-16-இல் இரண்டு அலகு. இமோஜி மட்டுமல்ல, 2019-இல் யூனிகோட் 12 சேர்த்த பழைய தமிழ்ப் பின்னங்களும் அளவைக் குறிகளும் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. பழைய நில ஆவணங்களைத் தட்டெழுதியவர்கள் அவற்றைப் பயன்படுத்தியிருக்கலாம். யூஇமா, கேட் போன்ற பழைய உரைப் பகுப்பாய்வுச் சட்டகங்கள் ஜாவாவில் எழுதப்பட்டவை. அங்கே இட எண் என்றாலே யூடிஎஃப்-16 கணக்குதான்.

எண் எப்படித் தள்ளுகிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். ஓர் ஆவணத்தில் பத்துப் பெயர்களை எடுத்து, வந்த எண்ணுக்கும் சரியான எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதுங்கள்.

- எல்லா இடத்திலும் ஒன்று மட்டும் தள்ளினால், கோப்பின் தலையில் உள்ள பிஓஎம் என்ற கண்ணுக்குத் தெரியாத குறியை ஒரு சேவை எண்ணுகிறது, இன்னொன்று எண்ணவில்லை.
- ஒவ்வொரு வரிக்கும் ஒன்று கூடினால், விண்டோஸ் வரிமுறிவின் இரண்டு குறிகளை ஒரு சேவை ஒன்றாக்கிவிட்டது.
- இமோஜியைத் தாண்டும்போது மட்டும் ஒன்று கூடினால் யூடிஎஃப்-16.
- கிட்டத்தட்ட இரண்டரை, மூன்று மடங்கானால் பைட்.
- 'ொ', 'ோ', 'ௌ' வரும் இடங்களில் மட்டும் ஒன்று தள்ளினால், நடுவில் யாரோ யூனிகோட் சீராக்கல் செய்திருக்கிறார்கள்.
- ஒழுங்கே இல்லாமல் தள்ளினால் இரண்டு சேவைகளும் வெவ்வேறு உரையைப் பார்த்திருக்கின்றன, ஹேஷை ஒப்பிடுங்கள்.

சரிசெய்ய வேண்டியது ஏபிஐ ஒப்பந்தத்தில். இட எண் கோட் பாயிண்ட் கணக்கில், தொடக்கம் உட்பட, முடிவு நீங்கலாக என்று எழுதி வையுங்கள். ஒவ்வொரு குறிப்புடனும் உரையின் ஹேஷும் பிடித்த சொல்லும் கூடவே போகட்டும். வாங்கும் சேவை அந்த இடத்தை வெட்டிப் பார்த்து, சொல் ஒத்துப்போகாவிட்டால் உடனே மறுக்க வேண்டும். தவறான எண்ணை வாங்கிக்கொண்டு வேலையைத் தொடரும் சேவையைவிட, மறுத்து நிற்கும் சேவை எவ்வளவோ மேல். சீராக்கல் ஒரே ஒரு சேவையில், ஒரே ஒரு முறை. அதன்பிறகு உரையை யாரும் தொடக்கூடாது. ஓரத்து வெற்றிடத்தை நறுக்குவதுகூடக் கூடாது.

அறிகுறி: கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும் ஊர்ப் பெயர் பட்டியலில் கிடைக்கவில்லை

'கொடைக்கானல்' பட்டியலில் இருக்கிறது, உரையிலும் இருக்கிறது, ஆனால் பொருந்தவில்லை. 'ொ' ஒரே கோட் பாயிண்டாகவும் எழுதப்படலாம். 'ெ'யும் 'ா'வும் சேர்ந்த இரண்டாகவும் எழுதப்படலாம். என்எஃப்சி என்ற யூனிகோட் சீராக்கல் இதை ஒன்றாக்கும். உரைக்குச் செய்தால் போதாது, பட்டியலுக்கும் செய்ய வேண்டும். பெரும்பாலும் மறந்துபோவது பட்டியல்தான். என்எஃப்சி பிடிக்காதவையும் உண்டு. 'ௌ'வின் பின்பாதியாக 'ள' எழுத்தையே தட்டியிருப்பது, 'ஸ்ரீ'யை 'ஸ' கொண்டும் 'ஶ' கொண்டும் இரண்டு விதமாக எழுதுவது, சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் பூச்சிய அகல இணைப்பான், மென் இணைப்புக்கோடு, உடையா வெற்றிடம். இவற்றுக்குச் சீராக்கும் சேவையில் தனி விதி வேண்டும்.

அடுத்தது வேற்றுமை உருபு. உரையில் 'சேலம்' என்று தனியே நிற்பதைவிட 'சேலத்தில்', 'சேலத்திலிருந்து' என்று வருவதே அதிகம். சொல்லின் முற்பகுதி பொருந்தினால் போதும் என்று விட்டால் 'சேலத்தில்' கிடைக்காது. 'ம்' கெட்டு 'த்து' வந்துவிட்டது. 'ஈரோடு' 'ஈரோட்டில்' ஆகும், 'நாமக்கல்' 'நாமக்கல்லில்' ஆகும். பட்டியலில் ஒவ்வோர் ஊருக்கும் அடிவடிவத்தோடு உருபேற்கும் வடிவத்தையும் சேர்த்து வையுங்கள்: சேலம், சேலத்த, ஈரோடு, ஈரோட்ட, நாமக்கல், நாமக்கல்ல. மதுரை, சென்னை போல ஐகாரத்தில் முடிபவை 'மதுரையில்', 'மதுரைக்கு' என்று அடி மாறாமல் வரும். அவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை. கோவை, நெல்லை, தஞ்சை போன்ற வழக்குப் பெயர்களும் முழுப் பெயரும் ஒரே அடையாள எண்ணுக்குப் போக வேண்டும். அந்த வேலை மாடலுடையது அல்ல, நிலையான வடிவுக்கு மாற்றும் சேவையுடையது.

அறிகுறி: சொல் துண்டு துண்டாகிறது; அல்லது 'நீதி' 'நதி' ஆகிறது

சொல் பிரிக்க ரெகெக்ஸின் (உரையில் வடிவம் தேடும் குறிமொழியின்) 'டபிள்யூ' என்ற சொல்லெழுத்து வகையைப் பயன்படுத்தியிருந்தால், பைத்தானின் இயல்பான ரெகெக்ஸ் 'தமிழ்' என்பதிலிருந்து 'தம', 'ழ' என்ற இரண்டைத் தரும். உயிர்க்குறிகளும் புள்ளியும் யூனிகோட் வகைப்பாட்டில் எழுத்து அல்ல, குறி. ஜாவாஸ்கிரிப்ட்டில் அதே வகை ஒரு தமிழ் எழுத்தையும் பிடிக்காது. எழுத்து, குறி, எண் ஆகிய மூன்று வகைகளையும் வெளிப்படையாகக் கொடுத்து எழுதுங்கள். சொல் எல்லைக் குறியையும் நம்பாதீர்கள்.

இன்னொன்று இதைவிடப் பொல்லாதது, ஏனென்றால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. பெர்ட் என்ற மொழி மாடல்களின் அன்கேஸ்டு டோக்கனைசர் (பெரிய, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்காமல் சொல்லைத் துண்டாக்கும் பகுதி) ஆங்கில எழுத்துகளைச் சின்னதாக்குவதோடு, இடம்பிடிக்காக் குறிகள் என்ற வகையையும் நீக்கிவிடும். பிரெஞ்சு எழுத்தின் தலைக்கோட்டை எடுக்க வைத்த விதி அது. தமிழில் புள்ளியும் 'ீ'யும் அந்த வகையில்தான் வருகின்றன. விளைவு: 'நீதி' 'நதி' ஆகிறது, 'வீடு' 'வடு' ஆகிறது, 'நிதித்துறை'யில் புள்ளி போய் 'நிதிததுறை' ஆகிறது. மாடலின் துல்லியம் காரணமில்லாமல் குறைவாக இருந்தால் டோக்கனைசரின் வெளியீட்டை அச்சிட்டுப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். கேஸ்டு வகைக்கு மாறுங்கள். அல்லது தலைக்குறி நீக்கத்தை அணைத்துவிட்டு மாடலை அதற்கேற்ப மறுபடி பயிற்றுங்கள். அணைப்பது மட்டும் போதாது, ஏனென்றால் அந்த மாடல் புள்ளியில்லாத தமிழையே படித்து வளர்ந்தது.

அறிகுறி: முதல் பக்கத்துக்குப் பின் பெயரே கிடைக்கவில்லை

பெர்ட் வகை மாடல்களின் வரம்பு 512 டோக்கன் (சொல் துண்டு). பன்மொழி மாடல்களில் ஒரு தமிழ்ச் சொல் பல துண்டாகும். ஆகவே 512 என்பது 512 சொல் அல்ல, அதில் ஒரு சிறு பங்கு. வரம்பைத் தாண்டியதைப் பல சேவைகள் சத்தமில்லாமல் வெட்டிவிடும். உங்கள் ஆவணங்களில் ஒரு சொல்லுக்கு எத்தனை துண்டு என்று அளந்துகொண்டு, வாக்கிய எல்லையில் பகுதிகளாகப் பிரித்து அனுப்புங்கள். அடுத்தடுத்த பகுதிகள் 50 முதல் 100 டோக்கன் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கட்டும். இரண்டிலும் வரும் பெயரைச் சேர்க்கும்போது, பகுதியின் ஓரத்தில் பிடிபட்டதைவிட நடுவில் பிடிபட்டதற்கு முன்னுரிமை கொடுங்கள்.

அறிகுறி: ஆண்டு 2050 என்று வருகிறது, தொகை குறைகிறது, வாக்கியம் பாதியில் முடிகிறது

தமிழ்நாடு அரசாணைகளில் 'நாள் 31.07.2019' என்பதுடன் 'விகாரி, ஆடி 15, திருவள்ளுவர் ஆண்டு 2050' என்றும் இருக்கும். நான்கு இலக்கத்தைப் பார்த்தவுடன் எடுக்கும் விதி 2050-ஐ எடுத்துவிடும். 31-ஐக் கழித்தால் போதும் என்று தோன்றும்; ஆனால் அந்த ஆண்டு ஜனவரி 1-இல் மாறுவதில்லை. கழிப்பதை விட்டுவிட்டு, 'நாள்' என்ற தலைப்பை ஒட்டிய தேதியையே எடுங்கள். 'திருவள்ளுவர் ஆண்டு' என்பதை ஒட்டிய எண்ணைத் தனிப் புலத்தில் வைத்துச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

'ரூ.3 கோடியே 25 இலட்சம்' இரண்டு தொகையாகப் பிரிந்து வந்தால், 'கோடியே' என்பதன் ஏகாரம் அடுத்த எண்ணோடு கூட்டச் சொல்கிறது என்ற விதி இல்லை என்று பொருள். சரியான மதிப்பு 3,25,00,000. 'இலட்சம்', 'லட்சம்', 'இலட்சத்து' மூன்றும் பட்டியலில் இருக்கட்டும். காற்புள்ளி மூன்று இலக்கத்துக்கு ஒருமுறைதான் வரும் என்று எதிர்பார்க்கும் நூலகம் 1,25,000-ஐ மறுக்கலாம். காற்புள்ளியை முதலில் நீக்கிவிடுங்கள். தமிழ் எண்களில் ௧ முதல் ௯ வரை பைத்தான் முழு எண்ணாக ஏற்கும்; ௰, ௱, ௲ மூன்றையும் ஏற்காது, அவை இலக்கமே அல்ல.

வாக்கியம் உடைவது முற்றுப்புள்ளியால். ரூ., எண்., திரு., வ.எண்., இ.ஆ.ப., பெயருக்கு முன் வரும் தலையெழுத்துகள் ஆகியவற்றை விதிவிலக்குப் பட்டியலில் சேருங்கள். தொகையும் திட்டமும் தனித்தனியே கிடைத்து, இரண்டுக்கும் தொடர்பு மட்டும் கிடைக்காமல் போனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

அறிகுறி: ஒரே ஆவணம் திரும்பத் திரும்ப ஓடுகிறது, பதிவும் இரட்டிக்கிறது

ராபிட்எம்கியூவில் ஒரு மெசேஜைக் கொடுத்த 30 நிமிடத்துக்குள் ஒப்புகை வராவிட்டால், இயல்பு அமைப்பில், சேனலை மூடி மெசேஜை வேறு ஒர்க்கருக்கு (சேவையின் வேலை செய்யும் இன்னொரு நகலுக்கு) கொடுத்துவிடும். 400 பக்க ஸ்கேன் ஒன்று 35 நிமிடம் எடுத்தால் அது என்றைக்கும் முடியாது. பிரீஃபெட்ச் (ஒர்க்கர் முன்கூட்டியே கையில் வாங்கும் மெசேஜ்களின் எண்ணிக்கை) அதிகமாக வைத்தவர்களுக்குச் சிறிய ஆவணங்களிலும் இது வரும்: 500 மெசேஜை ஒரே ஒர்க்கர் கையில் வாங்கி, ஒன்றுக்கு 10 விநாடி எடுத்தால், கடைசி மெசேஜ் 5,000 விநாடி காத்திருக்கும், வரம்போ 1,800. பிரீஃபெட்சை 1 அல்லது 2 ஆக்குங்கள், பெரிய கோப்பைப் பக்கம் பக்கமாக உடைத்து அனுப்புங்கள். நேர வரம்பை உயர்த்துவது கடைசி வழி. ஆறு ஒர்க்கரில் ஒன்று மட்டும் வேலை செய்து மற்றவை சும்மா இருந்தாலும் காரணம் அதே பிரீஃபெட்ச்தான். அமைக்காமல் விட்டால் அதற்கு வரம்பே கிடையாது.

காஃப்காவில் இதன் வடிவம் வேறு. ஒரு தடவையில் 500 பதிவு வரை வாங்கும், அடுத்த தடவைக்குள் 5 நிமிடம் தாண்டக் கூடாது என்பது இயல்பு அமைப்பு. ஓர் ஆவணத்துக்கு 0.6 விநாடிக்கு மேல் ஆனாலே கணக்கு உதைக்கும். மெசேஜ் வாங்கும் ஒர்க்கர்களுக்குள் வேலை மறுபங்கீடு ஆகி, முடித்த வேலையே மறுபடி வரும். மாடல் சேவைக்கு 10 அல்லது 20 பதிவு போதும்.

எது எப்படியானாலும் மெசேஜ் இரண்டு முறை வரும் என்றே வைத்துக்கொண்டு எழுதுங்கள். ஆவணத்தின் ஹேஷ், சேவையின் பதிப்பு, குறிப்பின் வகை, தொடக்க இடம், முடிவு இடம் ஆகியவற்றைச் சேர்த்துத் தனித்துவச் சாவியாக்கினால் இரண்டாவது தடவை எழுதும்போது பழைய பதிவின் மேலேயே விழும். எத்தனை முறை கொடுத்தாலும் தோற்கும் ஆவணத்தை மூன்று முயற்சிக்குப் பின் தனிக் கியூவுக்குத் தள்ளுங்கள். அந்தக் கியூவை நாள்தோறும் ஒருவர் பார்க்க வேண்டும்.

அறிகுறி: 413, 504, அல்லது "மெசேஜ் மிகப் பெரியது"

413 (அனுப்பியது மிகப் பெரியது) வந்தால், சேவைக்கு முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் வெப் சர்வரின் 1 எம்பி வரம்பு. சேவைகள் ஒன்றையொன்று அழைக்கும் ஜிஆர்பிசி முறையில் வாங்கும் பக்கத்தின் இயல்பு வரம்பு 4 எம்பி. காஃப்கா சுமார் 1 எம்பி. பிடிஎஃப்-ஐ பேஸ்64 ஆக்கி (பைட்டுகளை எழுத்துகளாக மாற்றி) ஜேசனுக்குள் வைத்தால் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். பைத்தானின் ஜேசன் எழுதி, இயல்பாகவே தமிழை ஆஸ்கி குறிமுறையாக்கும். 3 பைட் 6 பைட் ஆகிவிடும். அந்த அமைப்பை அணையுங்கள். வரம்புகளை ஏற்றிக்கொண்டே போவதைவிட, கோப்பைப் பொதுச் சேமிப்பில் வைத்து முகவரியையும் ஹேஷையும் மட்டும் அனுப்புவது நல்லது.

504 (நேரம் கடந்தது) என்றால் என்ஜின்எக்ஸ் 60 விநாடி காத்துப் பார்த்துக் கைவிட்டது. பைத்தான் சேவையை ஓட்டும் கூனிகார்னின் ஒர்க்கர் 30 விநாடியில் கொல்லப்படும், அது 502 ஆகத் தெரியும். மூன்று அடுக்குகளும் தலா மூன்று முறை முயன்றால் அடியில் உள்ள மாடல் சேவைக்கு 27 அழைப்பு போகும். திணறும் சேவை அதிலேயே விழுந்துவிடும். மறுமுயற்சி வெளி அடுக்கில் மட்டும் இருக்கட்டும், இடைவெளி ஒவ்வொரு முறையும் இரட்டிக்கட்டும். உள்ளே போகப் போகக் காத்திருப்பு நேரம் குறைய வேண்டும்.

அறிகுறி: ஒரு பக்க ஆவணம் போகிறது, பல பக்க ஆவணம் எக்ஸ்எம்எல் பிழையில் நிற்கிறது

உரையை எக்ஸ்எம்எல் ஆக்கும் சோப் வழியோ யூஇமாவின் எக்ஸ்எம்ஐ வழியோ அனுப்பும்போது வருவது. பிடிஎஃப்-இலிருந்து உரை எடுக்கும் பிடிஎஃப்டுடெக்ஸ்ட் கருவி பக்கங்களுக்கு நடுவே பக்கமாற்றுக் குறியை (கோட் பாயிண்ட் 12) வைக்கும், எக்ஸ்எம்எல் 1.0-இல் அந்தக் குறிக்கு இடமே இல்லை. சீராக்கும் சேவையில் அதை வரிமுறிவாக மாற்றுங்கள். நீக்கிவிடாதீர்கள், நீக்கினால் இட எண் தள்ளும்.

அறிகுறி: 137 என்ற எண்ணோடு கன்டெய்னர் சாகிறது, அல்லது பெரிய இயந்திரத்தில் மடிக்கணினியைவிட மெதுவாக ஓடுகிறது

137 என்பது 128-உடன், கட்டாயமாக நிறுத்தும் சிக்னலின் எண்ணான 9. பெரும்பாலும் நினைவகம் போதாமல் இயங்குதளம் கொன்றிருக்கிறது. ஒவ்வொரு ஒர்க்கரும் மாடலைத் தனியே ஏற்றுகிறதா என்று பாருங்கள். ஓசிஆர் பக்கத்தில், 300 டிபிஐ ஏ4 என்பது 2480 × 3508 புள்ளி. வண்ணத்தில் ஒரு பக்கமே 26 எம்பி. 400 பக்கத்தையும் ஒன்றாகப் படமாக்கினால் 10 ஜிபி தாண்டும்.

மெதுவாக ஓடுவதற்குக் காரணம் நூல்களின் (திரெட், ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகளின்) எண்ணிக்கை. 32 கோர் இயந்திரத்தில் 2 கோர் வரம்போடு ஓடும் கன்டெய்னர், இயந்திரத்தின் 32-ஐப் பார்த்து அத்தனை நூல் எழுப்பிக்கொண்டு தனக்குள்ளேயே முட்டி மோதும். மாடல் நூலகத்தின் நூல் எண்ணிக்கையை வரம்புக்குச் சமமாக வையுங்கள். டெசராக்டைப் பல ஒர்க்கராக ஓட்டினால் ஓபன்எம்பி நூல் வரம்பை 1 ஆக்குங்கள். எத்தனை ஒர்க்கர் வேண்டும் என்பதற்கு எளிய பெருக்கல் போதும்: விநாடிக்கு 10 ஆவணம் வந்து, ஒன்றுக்கு 0.8 விநாடி ஆனால் 8 ஒர்க்கர் எப்போதும் வேலையில் இருப்பார்கள்; ஏற்ற இறக்கத்துக்கு 11 அல்லது 12 வையுங்கள்.

அறிகுறி: அதே ஆவணம், ஒவ்வொரு முறையும் வேறு விடை

புதிய மாடல் சில நகல்களில் ஏறியிருக்கிறது, சிலவற்றில் ஏறவில்லை. லாகில் மாடல் பதிப்பை எழுதியிருந்தால் ஒரே பார்வையில் தெரியும். கன்டெய்னர் படிமத்தை 'சமீபத்தியது' என்ற பெயரில் இழுக்காமல் ஹேஷால் குறிப்பிடுங்கள். பதிப்பு எல்லாவற்றிலும் ஒன்றே என்றால், ஆவணங்களைத் தொகுதியாக மாடலுக்கு அனுப்பும் இடத்தைப் பாருங்கள்: நீளம் சமமாக்கச் சேர்க்கும் வெற்று டோக்கன்களை மறைக்காமல் விட்டால், கூடவரும் ஆவணம் எது என்பதைப் பொறுத்து விடை மாறும். ஆவணத்தைத் தனியே ஒருமுறை, நீளமான இன்னொன்றோடு ஒருமுறை அனுப்பி இரண்டு விடைகளையும் ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் உறுதியாகிவிடும்.